நம்பர் ஒன்று, வாய் பதினொன்று

எண்ணிக்கையில் ஒருவரையும் தவற விடாத இறைவனின், என் ரப்பின் பெயரால் தொடங்குகிறேன்.

போன மாதம், என் வேலையை இப்போது பார்க்கும் நீங்கள் மூன்று பேரும் திகனவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். நம் மருந்து நிலையத்திலிருந்து பிழையான மருந்து ஏதும் வெளியே போய்விட்டால், அதை வாங்கிய நோயாளிகளைத் தேடிக் கொடுக்கும் ப்ரோக்ராம் ஒன்று இருக்கிறது அல்லவா? அதன் நடுவில் ஓரிடத்தில் "இந்த இடத்தில் ஆளைக் குறைக்காதே" என்று தமிழில் எழுதி வைத்தது யார், ஏன் என்று கேட்டீர்கள். எழுதியது நான்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் படிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓ.எல். சோதனையில் கணிதத்தை இரண்டாம் தடவைதான் பாஸ் பண்ணினேன். கண்டி டவுனில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்தேன். மீதியெல்லாம் வேலை செய்து, பிழைவிட்டு, பேச்சு வாங்கிப் படித்தது. நீங்கள் பட்டம் பெற்ற பிள்ளைகள். நான் சொல்வதில் பெரிய பெயர்கள் இருக்காது; நடந்தது இருக்கும்.

அந்த ப்ரோக்ராமின் முதல் வடிவத்தையும் நான்தான் எழுதினேன். மூன்று ஃபங்ஷன்கள். முதலாவது, குறிப்பிட்ட தொகுதி மருந்து யார் யாருக்குப் போனது என்று பார்க்கும். இரண்டாவது, அந்த நோயாளி இப்போதும் அதைக் குடிக்கிறாரா, எத்தனை என்று பார்க்கும். மூன்றாவது, அவரைப் பிடிக்க என்ன போன் நம்பர் என்று பார்க்கும். முதலாவது ஒரு பெயரைக் கண்டதும் இரண்டாவதைக் கூப்பிடும், அது மூன்றாவதைக் கூப்பிடும், பிறகு மூன்றும் சேர்ந்து அடுத்த பெயருக்குப் போகும். இருபது பெயர்களை வைத்துச் சோதித்தேன். ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பத்து வருடம் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட நாள் ஒரு பெரஹரா ஊர்வல நாள். உங்களுக்குத் தெரியும், பகல் ஏறுகிறபோது டவுன் பாதைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவார்கள். நம் வேன் முற்றத்தில் நின்றது நின்றதுதான்; வீடு வீடாக ஆள் அனுப்ப வழியில்லை, போன் மட்டும்தான்.

பதினொன்றே முக்காலுக்கு மிஸ் என் அறைக்கு வந்தார். எங்கள் தலைமை மருந்தாளரை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓர் அறையில் பிறந்து, படித்து, வெள்ளைக் கோட்டுப் போட்டவர். என்னைவிடப் பத்து வயது குறைவு; என்னை நானா என்பார், எங்கள் பேச்சில் அண்ணன். இந்தத் தொழிலில் உன் உஸ்தாத், உன் குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன், பிரிண்டரை எப்படி ஒன் பண்ணுவது என்று கடைசிவரை என்னிடம் கேட்டவர் அவர் என்றாலும்.

அன்று அவர் உட்காரவில்லை. கையிலிருந்த மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்தார்.

"நானா, இது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற குளிசை. அட்டையில ஒரு மில்லிகிராம்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறது அஞ்சு மில்லிகிராம். மருந்து அனுப்புனவங்களே இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாங்க."

"இந்தத் தொகுதிய நாங்க குடுக்கத் தொடங்கி எத்தன நாள்?"

"நாலு நாள். சிலர் பழைய அட்டைய முடிச்சிட்டு இதை இன்னைக்குத்தான் தொறப்பாங்க. சிலர் ரெண்டு மூணு நாள் குடிச்சிருப்பாங்க. ஒண்ணு ரெண்டு போனா சமாளிக்கலாம். விடாம போனா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், வெளியில தெரியவும் செய்யாது. எல்லாரும் இதைப் பொழுது சாயத்தான் குடிப்பாங்க, நாங்க அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கோம். ஆறு மணிக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் காதுலயும் விழணும்."

நான் ப்ரோக்ராமைத் தட்டி ஓட விட்டேன். கொடுத்தது முந்நூற்றைம்பது அட்டைக்குக் கொஞ்சம் மேலே. போன் எடுப்பதற்கு நாலு பிள்ளைகளைக் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். ஒரு மணி பத்து. அறுபது பெயர்தான் வந்திருந்தது. ஒரு பெயருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். ஏனென்றால் ஒவ்வொரு பெயருக்கும் என் இரண்டாவது ஃபங்ஷனும் மூன்றாவது ஃபங்ஷனும் இருபது வருட மருந்துப் பதிவுகளையெல்லாம் தலையிலிருந்து கால்வரை புரட்டிக்கொண்டிருந்தன. விரலால் எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பெயர் வரும்போது ஏழு மணி தாண்டும். அந்தக் கடைசி ஆட்கள் குளிசையைக் குடித்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எங்கள் லிஸ்டில் ஏறுவார்கள்.

நிலையப் பொறுப்பு டொக்டர் வந்து நின்றார். சிங்களத்தில் கேட்டார், இதற்கு என்ன வழி என்று. நிறுத்திவிட்டு வேறு மாதிரி எழுத வேண்டும் என்றேன்.

"ஓடுவதை நிறுத்தி, நீங்கள் எழுதுவது சரிவராவிட்டால்?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு நாள் நீங்களும் நிற்பீர்கள். ஓடிக்கொண்டிருப்பது மெதுவாக என்றாலும் ஓடுகிறது. அதை நிறுத்துகிறவன் தலையில்தான் எல்லாம் விழும். ஓடட்டும் என்று விட்டால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், கொம்பியூட்டர் மெதுவென்று சொல்லிவிடுவார்கள். அந்த நினைப்பு எனக்கும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஏழு மணி என்பது எனக்குத் தெரிந்த பிழை. தெரிந்த பிழையைத் தொடர விடுவதற்கு மறுமையில் என்னிடம் பதில் இல்லை.

"வந்த அறுபதையும் அச்சடிச்சிப் பிள்ளைகள்ட்ட குடுங்க, அவங்க போன் எடுக்கத் தொடங்கட்டும். எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்க. அதுக்குள்ள வரல்லன்னா பழையத திரும்ப ஓட விடுறேன்" என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நிறுத்தினேன்.

இனி எப்படி எழுதினேன் என்பது. எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. சமையல் இடத்திலிருந்து பந்திவரை ஆம்பிளைகள் வரிசையாக நிற்பார்கள். நிறைந்த சஹன் கையிலிருந்து கைக்குப் போகும். ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு ஒருவன் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடுவதில்லை. என் பழைய ப்ரோக்ராம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே முதல் ஃபங்ஷன் தான் கண்டதையெல்லாம் ஒரு தற்காலிக டேபிளில் ஒரே தரத்தில் போட வேண்டும். இரண்டாவது அந்த டேபிளை முழுதாக எடுத்து, இருபது வருடத்தையும் ஒரே ஒரு முறை புரட்டி, தன் பங்கைச் சேர்த்து மூன்றாவதிடம் நீட்ட வேண்டும். எல்லாப் பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே நீளச் சரமாகக் கொடுக்கவும் வழி இருந்தது. அதை முன்பு ஒரு தரம் செய்து, சரம் நிறைந்து, வால் சத்தமில்லாமல் அறுந்துபோனதைக் கண்டவன் நான். பட்டியலை வரிவரியாக வாசித்துக் காட்டும் கர்ஸரைக் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு ஃபங்ஷன் அதைக் கடைசிவரை வாசித்துவிட்டால் அடுத்தது வாசிக்க மிச்சம் இருக்காது. எனக்கோ அதே பட்டியலை இரண்டு பேர் வாசிக்க வேண்டும், நானும் இடையில் கண்ணால் பார்க்க வேண்டும். டேபிள்தான் சரி என்று பட்டது.

இரண்டு இருபத்தைந்துக்குத் தட்டினேன். நாற்பது செக்கன். முழு லிஸ்டும் திரையில் நின்றது.

யா அல்லாஹ், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஏழு மணித்தியாலம் நாற்பது செக்கனாகிவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். டொக்டர் என் தோளில் தட்டினார். திகனவில் இருந்து வரும் பஸீனா என்ற பிள்ளை, போன் எடுக்கும் நால்வரில் ஒருத்தி, "நானா, இத காலயிலயே செஞ்சீந்தா நாங்க இந்நேரம் சோறு தின்னீப்போமே" என்றாள். நானும் சிரித்தேன். பெருமை தலைக்கு ஏறிய சிரிப்பு.

அந்தப் பெருமையோடு செய்த ஒரு சின்ன வேலையைச் சொல்லவில்லை. மூன்றாவது ஃபங்ஷன் நம்பரைச் சேர்த்துப் பட்டியலைத் தாளுக்கு நீட்டும்போது, ஒரே போன் நம்பர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தேன். எதற்கு வீண் சுமை, ஒரே நம்பரைப் பிள்ளைகள் நாலு தரம் எடுப்பதா என்று, நம்பருக்கு ஒரு வரி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன். பட்டியல் சின்னதானது. கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி தாண்டி மிஸ் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹேவாஹெட்டத் தாளில் நின்றார்.

"நானா, இங்க வாங்க. எங்க ஊர்ப்பக்கம் ஏன் இம்புட்டுக் கொஞ்சமா இருக்கு?"

"லிஸ்ட் சரியாத்தான் ஈக்குது மிஸ். ஒரே நம்பர் ரெண்டு மூணு தரம் வந்திச்சி, அத வெட்டின. அவ்வளவுதான்."

"முத்தம்மான்னு ஒரு பேரு இருக்கே. இந்த நம்பர்ல எத்தனை பேர வெட்டுனீங்க?"

பார்த்துச் சொன்னேன். "பத்துப் பேர்."

அவர் சத்தம் போடவில்லை. தாளை மேசையில் வைத்து அந்த நம்பரின் மேல் விரலை வைத்தார்.

"நம்பரு ஒண்ணுதான் நானா. வாய் பதினொண்ணு."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தோட்டத்தில் மருந்து எடுக்க எல்லாரும் வருவதில்லை. வந்தால் ஒரு நாள் வேலை போகும். லயத்துக்கு ஒருவர் எல்லாருடைய கிளினிக் கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, எல்லாருக்கும் வாங்கிப் போவார். நாம் கொப்பிக்கொப்பியாக அவரவர் பெயரில்தான் பதிகிறோம். ஆனால் போன் நம்பர் என்று கேட்டால் வந்தவர் தன் நம்பரைத்தான் சொல்லுவார். அந்த லயத்துக்கு முத்தம்மா. அம்பிட்டியவில் ஒரு பாதைக்கே ஓர் ஓட்டோக்காரர். திகனவில் எங்கள் ஆட்களுக்கும் அப்படித்தான், பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். அவர் வாங்கி வந்த அட்டையை நானே போய் எடுத்திருக்கிறேன், என் மாமிக்காக. ஒரு சஹன் என்றால் ஆறு பேர் என்று சின்ன வயதிலிருந்து தெரிந்த எனக்கு இது தெரியாமல் போனது.

"முத்தம்மாவுக்கு எடுத்தாச்சா?" என்று மிஸ் கேட்டார்.

பஸீனா எழுந்து நின்றாள். "நான்தான் எடுத்த மிஸ். முத்தம்மாக்குத் தந்த குளிசைய குடிக்க வாணாண்டு சென்ன. சரி பாப்பா, எடுத்து வைக்கிறேன்னு செல்லிட்டு வச்சாங்க."

முத்தம்மா தன்னுடையதை மட்டும் எடுத்து வைத்திருப்பார். நாங்கள் அவர் பெயரை மட்டும்தானே சொன்னோம்? மற்றப் பத்துப் பேரும் ஆறு மணிக்குக் குடிப்பார்கள். எங்கள் தாளிலோ அந்த நம்பருக்கு நேரே சரி அடையாளம் போட்டிருந்தது. மெதுவான ப்ரோக்ராம் பிழை என்று எல்லாருக்கும் தெரிந்தது. என்னுடைய வேகமான ப்ரோக்ராம், பிழையைச் சரி என்று காட்டிக்கொண்டிருந்தது.

"என்ட பிழ மிஸ்" என்றேன்.

"யாரு பிழைன்னு நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப எவ்வளவு நேரம் புடிக்கும்?"

கதிரையில் உட்கார்ந்தேன். வெட்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும்; நீங்கள் கேட்ட அந்த வரியை அங்கேதான் எழுதினேன். பட்டியல் முதல் ஃபங்ஷனிலிருந்து கடைசிவரை நோயாளி இலக்கத்தோடும் அட்டை இலக்கத்தோடும் முழுதாகப் போக வேண்டும். போன் நம்பர் ஆளைப் பிடிக்கும் வழி மட்டும். அது ஆள் அல்ல. நம்பரைக் கடைசித் தாளில்தான் ஒட்ட வேண்டும். ஒரே நம்பர் என்றால் அந்த நம்பரை ஒரு தரம் தலைப்பாகப் போட்டு, கீழே அத்தனை பெயரையும் எழுத வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிக் கட்டத்தோடு. பத்து நிமிடம் எழுத, ஒரு தரம் தட்டிப் பார்க்க, நாற்பது செக்கன். அட்டைகளின் எண்ணிக்கையைக் கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. பட்டியலை முழுதாகக் கைமாற்றினால் வேகம் வரும், சரி. அந்த வேகம் எதற்கு? நேரத்தோடு வீட்டுக்குப் போவதற்கு இல்லை. நீ பிழை விட்டிருக்கிறாய் என்று ஒருவர் வந்து சொல்லும்போது, திருத்துவதற்கு நேரம் மிச்சம் இருப்பதற்கு. பழைய ப்ரோக்ராமில் இதே பிழை இருந்திருந்தால் இன்னொரு ஏழு மணித்தியாலத்துக்கு எங்கே போவேன்? மற்றது, பட்டியலைச் சின்னதாக்குவது உங்கள் வேலை என்று நினைக்காதீர்கள். அடுத்த ஃபங்ஷனுக்கு எது தேவை என்று உங்களுக்குத் தெரியலாம். அந்தப் பட்டியலின் கடைசியில் இருக்கும் மனிதருக்கு எது தேவை என்று, அவரைத் தெரிந்த ஒருவரிடம் கேட்ட பிறகு வெட்டுங்கள். என் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அல்லாஹ் அன்று அந்த அறையில் மிஸ்ஸை வைத்திருந்தான்.

மூன்று நாற்பதுக்குப் புதுத் தாள்கள் நாலு மேசைக்கும் போயின. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அம்பிட்டிய ஓட்டோக்காரர் போனை எடுத்து, "ஏழு வீட்டுக்குக் குடுத்தேன், ஏழு வீட்டுக்கும் நானே போறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு வாசலிலிருந்தும் திரும்ப எடுத்தார். திகனக் கடைக்காரர் அஸர் தொழுகைக்கு வந்தவர்களையெல்லாம் பள்ளி வாசலிலேயே நிற்பாட்டிப் பெயர் கூப்பிட்டார். ஏற்கெனவே குடித்தவர்களிடம் எத்தனை குடித்தீர்கள் என்று கேட்டு, இரத்தம் பார்க்கப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மிஸ்ஸே பேசினார். அவர்களில் ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, எல்லாப் புகழும் அவனுக்கே.

கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. டொக்டரும் ஒரு போனை எடுத்துக்கொண்டு, உடைந்த தமிழில், "அம்மா, குளிசை வேண்டாம், தண்ணி மட்டும் குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் யாரோ, "தண்ணி ஏன் சேர், தேத்தண்ணியே குடிக்கிறோம்" என்று சொன்னது வெளியே கேட்டது.

ஐந்தேகால் ஆகும்போது ஹேவாஹெட்டத் தாள் மட்டும் பாக்கி. முத்தம்மாவின் போன் நாலு மணியிலிருந்து அடித்துக்கொண்டேயிருந்தது, அவர் எடுக்கவில்லை. மலையில் கொழுந்து எடுக்கிற கையால் போன் எடுக்க முடியாது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்தால்தான் எடுப்பார், பஸீனா எடுத்ததும் பகல் நிறுவை நேரமாக இருக்கும் என்று மிஸ் சொன்னார். ஐந்து இருபதுக்கு எடுத்தார். மிஸ் போனைச் சத்தமாக வைத்தார்.

"முத்தம்மாக்கா, நான் மருந்துக் கடை மிஸ் பேசுறேன். நீங்க வாங்கிட்டுப் போன பதினொரு அட்டையுமே பிழை. எல்லார்ட்டயும் சொல்லணும், இப்பவே."

"ஐயையோ, அந்தப் பாப்பா எனக்கு மட்டுமுன்னுதான சொல்லுச்சு?"

"அது எங்க தப்பு. நான் பேர் வாசிக்கிறேன், நீங்க ஆளக் கூப்பிடுங்க."

கொழுந்து நிறுக்கிற நேரம் என்பதால் லயத்தில் பாதிப் பேர் அந்த மடுவத்திலேயே நின்றார்கள். மிஸ் பெயர் சொல்லச் சொல்ல முத்தம்மா கத்தினார், கூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேன்." "வூட்டுல இருக்கு, போடல." "என் வூட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன்." பஸீனா பக்கத்தில் நின்று கட்டம் கட்டமாகச் சரி போட்டாள். முத்தம்மாவோடு சேர்த்துப் பத்து நிறைந்தது. பதினோராவது சின்னையா.

"அவரு வேலைக்கு வாறதில்லையே" என்றார் முத்தம்மா. "லயத்துலதான் இருப்பாரு. வெள்ளனவே தின்னுட்டுப் படுக்குற மனுசன். போன் கெடையாது."

"எவ்வளவு தூரம்?"

"மேல் லயம். இருங்க, ஓடுறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஏறினார். மூச்சிரைப்பது கேட்டது. படிக்கட்டில் கால் வைப்பது கேட்டது. ஒரு நாய் குரைத்தது, அதை அவர் அதட்டினார். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் உதடும் அசைந்துகொண்டிருந்தது, அவர் யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம் வந்தது.

"அண்ணே, குளிசை போட்டீங்களா?"

"என்னக்கா சொல்றாரு?" என்றார் மிஸ்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. செம்ப அண்ணாந்துக்கிட்டு நிக்கிறாரு. வாயில வச்சிட்டாரு போல இருக்கு."

"துப்பச் சொல்லுங்க. முழுங்க விடாதீங்க."

"அண்ணே, துப்புங்க. துப்புங்கன்றேன்ல."

ஏதோ உருண்டது, செம்பாக இருக்க வேண்டும். இருமல் வந்தது. பிறகு முத்தம்மாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு:

"துப்பிட்டாரு மிஸ். குளிசை காலடியில கெடக்கு, முழுசா. என்னையத்தான் வஞ்சுக்கிட்டு இருக்காரு."

"வையட்டும்" என்றார் மிஸ். கண் நிறைந்திருந்தது. "கிட்ட புடிங்கக்கா, எங்களுக்கும் கேக்கட்டும்."

பஸீனா பதினோராவது கட்டத்தில் சரி போட்டாள். மணி ஆறாக இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சின்னையா, தண்ணி குடிக்க விடாத உலகத்தையும், தன்னைப் பயமுறுத்திய முத்தம்மாவையும், பிழையான குளிசை கொடுத்த எங்களையும், எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஏசினார். நல்ல உரத்த குரல், ஆரோக்கியமான குரல். டொக்டர் உட்பட நாங்கள் ஏழு பேரும் அந்தப் போனைச் சுற்றி நின்று, அவர் களைத்து ஓயும்வரை சிரித்துக்கொண்டே கேட்டோம்.